உங்களுக்குத் தெரியுமா? எப்போது 'வராதுண்ணே' என்பார் சர்வீஸ் கடைக்காரர்?

ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவரின் போனைத் திறந்து பாருங்கள். கவாத்து வெட்டிய தேதி, மருந்து அடித்த தேதி, வியாபாரி கொடுத்த அட்வான்ஸ், நடுவில் மகள் கல்யாணப் போட்டோ எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அந்தப் போன் கிணற்றில் விழுந்தாலோ, மெமரி கார்டு திடீரென்று 'பார்மட் செய்யவா?' என்று கேட்டாலோ சின்னமனூருக்கோ தேனிக்கோ பஸ் ஏறுவார்கள். "போன் போனாப் போகுது தம்பி, போட்டோவ மட்டும் எடுத்துக் குடுத்துருங்க" என்பார்கள். சில நேரம் வரும். சில நேரம் சென்னை ரிச்சி தெருவுக்கே கொண்டுபோனாலும் வராது. எது வரும், எது வராது என்பது கடைக்காரரின் கைராசியில் இல்லை.

◆

டெலீட் கொடுத்த கோப்பு உடனே அழிந்துவிடுவதில்லை. மெமரி கார்டுகளில் இன்றும் புழங்கும் பழைய 'பேட்' முறையில், டெலீட் செய்ததும் பட்டியலில் இருக்கும் கோப்புப் பெயரின் முதல் எழுத்து மாற்றப்படும். அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படும். அவ்வளவுதான். சிட்டாவில் ஒருவர் பெயரை அடித்துவிட்டால் தோட்டத்துக் கொடி அன்றைக்கே பட்டுப்போகாது. அடுத்தவர் வந்து உழுது வேறு வெள்ளாமை வைக்கும்வரை நிற்கும். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரியான அடையாளக் குறியோடு தொடங்குவதால், பட்டியலே இல்லாவிட்டாலும் மீட்பு மென்பொருள் கார்டு முழுக்கத் தேடி அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் படம் துண்டு துண்டாகப் பல இடங்களில் பதிவாகியிருந்தால் முதல் துண்டு மட்டும் கிடைக்கும். மீட்டெடுத்த கல்யாண வீடியோ தாலி கட்டுவதற்கு முன்னாலேயே நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான்.

◆

மீட்டெடுத்த போட்டோவில் மேல்பாதி சரியாக இருந்து, கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருக்கிறதா? அந்தப் பாதியின் மேல் வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது. அதை யாராலும் திருப்ப முடியாது. தவறுதலாக டெலீட் செய்த கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். மீட்பு மென்பொருளை டவுன்லோடு செய்து, தொலைந்த படம் இருந்த அதே டிஸ்க்கிலேயே நிறுவுகிறவர்கள் உண்டு. தேடப் போன மென்பொருளே தேடும் பொருளின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

◆

'மேலே எழுதினாலும் ஆய்வகத்தில் எடுத்துவிடுவார்கள்' என்ற நம்பிக்கைக்கு வயது முப்பதாகிறது. 1996இல் பீட்டர் கட்மன் என்ற கணினி அறிஞர் எழுதிய கட்டுரையில், டிஸ்க்கை முழுமையாக அழிக்க 35 தடவை மேலே எழுதும் முறை ஒன்று இருந்தது. அது அன்றைய பலவகை டிஸ்க்குகளையும் மனதில் வைத்துப் போட்ட கணக்கு. இன்றைய டிஸ்க்குக்கு 35 தடவை தேவையில்லை என்று பிறகு அவரே எழுதினார். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2001க்குப் பிறகு தயாரான 15 ஜிபிக்கு மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளுக்கு ஒருமுறை மேலே எழுதினாலே போதும் என்று 2006 வழிகாட்டியில் சொல்லிவிட்டது. பழைய கணினியை விற்கப் போகிறவருக்கு இது நிம்மதி. தெரியாமல் மேலே எழுதிவிட்டவருக்கு அதே செய்திதான் கெட்ட செய்தி.

◆

மேலே எழுதுவதையே தொழிலாக வைத்திருக்கும் கருவி சிசிடிவி. டிஸ்க் நிறைந்ததும் பழைய நாளின் மேல் புதிய நாளை எழுதிக்கொண்டே போகும். கேமராக்களின் எண்ணிக்கையையும் படத்தின் தெளிவையும் பொறுத்து, சில நாட்களிலோ சில வாரங்களிலோ பழைய காட்சி போய்விடும்.

தமிழ்நாட்டில் இதன் விலை என்ன என்பதை 2020 ஜூனில் பார்த்தோம். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு ஜூன் 19 அன்று கொண்டுசெல்லப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாட்களில் இறந்தார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் நிலையத்துக்கே போய் விசாரித்து அறிக்கை அனுப்பினார். அந்த அறிக்கையில் ஒரு தகவல்: ஹார்டு டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தது; ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது; ஜூன் 19 முதலான காட்சிகள் இல்லை. இடம் போதாமல் அழிந்த காட்சி அல்ல அது. இடம் இருந்தும் அழிந்தது. கேமரா சொல்ல வேண்டியதைக் கடைசியில் அங்கே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ரேவதி சாட்சியாக நின்று சொல்ல வேண்டிவந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி என்ற வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த அளவுக்குக் கருவி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது.

◆

ஜெயலலிதா மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையம் 2018இல் மருத்துவமனை சிசிடிவி பதிவுகளைக் கேட்டபோதும் காட்சி கிடைக்கவில்லை. வந்த பதில்: பழைய பதிவுகள் மேலெழுதப்பட்டு அழிந்துவிட்டன. உங்கள் கடையில் திருட்டு நடந்தால் புகார் எழுதும் முன்பே டிவிஆரை நிறுத்திவிடுங்கள், அல்லது காட்சியைப் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். புகார் ஒரு வாரம் தாமதித்தாலும் எழுதலாம்.

◆

விண்டோஸ் எக்ஸ்பியில் 'முழு பார்மட்' கொடுத்தாலும் டிஸ்க்கில் கெட்ட இடம் இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, தரவை அழிக்காது. விஸ்டாவிலிருந்து கதை மாறியது. முழு பார்மட் என்றால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதப்படும். 'குயிக் பார்மட்' என்ற சின்னக் கட்டத்தில் டிக் இருந்ததா இல்லையா என்பதுதான் இப்போது வாழ்வா சாவா. அனுபவசாலியான கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி, "பார்மட் ஆக எவ்வளவு நேரம் எடுத்துச்சு?" சில நொடி என்றால் முகம் மலரும். இரண்டு மணி நேரம் என்றால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

◆

லேப்டாப்பில் இருப்பது ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று தெரிந்துகொள்வது நல்லது. 1980களில் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு சங்கடம் உண்டு: எழுதியதன் மேல் நேரடியாக எழுத முடியாது, ஒரு பெரிய பகுதியை மொத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். இதைச் சமாளிக்க 'டிரிம்' என்ற கட்டளை வந்தது. 2009இல் வெளியான விண்டோஸ் 7 அதை ஏற்றது. நீங்கள் டெலீட் கொடுத்ததும், 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று கணினி எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். எஸ்எஸ்டி தன் ஓய்வு நேரத்தில் அதைத் துடைத்துவிடும். துடைக்கும் முன்பே கேட்டாலும் பெரும்பாலும் பூஜ்யங்களைத்தான் காட்டும். பத்து வருஷத்துக்கு முன் ஹார்டு டிஸ்க்கில் ஜாலம் காட்டிய அதே மென்பொருள், அதே ஆள், இன்று கையை விரிப்பது திறமைக் குறைவால் அல்ல.

◆

காந்தத்தைப் பக்கத்தில் வைத்தால் பென்டிரைவ் அழியுமா? அழியாது. ஃபிளாஷில் காந்தத்துக்கு வேலையே இல்லை. ஹார்டு டிஸ்க்கையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றும் செய்யாது.

◆

'2 டிபி பென்டிரைவ், 499 ரூபாய்' என்று விளம்பரம் வருகிறதே, அதில் தொலைந்ததை மீட்கவே முடியாது. காரணம், அது தொலையவே இல்லை, முதலிலிருந்தே பதிவாகவில்லை. உள்ளே இருப்பது 16 ஜிபியோ 32 ஜிபியோ கொண்ட சிப். வெளியே 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் உள்மென்பொருளை மாற்றியிருப்பார்கள். இடம் தீர்ந்த பிறகு சில போலிகள் வருவதையெல்லாம் வீசி எறியும், சில முதலிலிருந்து மேலே எழுதத் தொடங்கும். கோப்புப் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. 'எச்2டெஸ்ட்டபிள்யூ', 'எஃப்3' என்ற இலவச மென்பொருட்கள் பென்டிரைவ் முழுக்க எழுதிப் படித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லும். வாங்கிய அன்றே பார்த்துவிடுங்கள்.

◆

மருந்து அடிக்கும்போது சட்டைப் பையிலிருந்து போன் கிணற்றில் விழுவது நம் பக்கம் புதிதல்ல. எடுத்ததும் அரிசிக்குள் புதைப்பது அடுத்த சடங்கு. அரிசியின் துகள் போனுக்குள் போய்க் கெடுக்கும், அப்படிச் செய்யாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் எழுதிவைத்தது. சார்ஜில் போட்டுப் பார்ப்பது அதைவிட மோசம். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் போர்டு அரித்துவிடும்.

நல்ல செய்தி: தண்ணீரால் நினைவக சிப் பொதுவாகச் சாவதில்லை. கெட்ட செய்தி: சிப் மட்டும் பிழைத்தால் போதாது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் புதிய போன்கள் அனைத்திலும் தரவு பூட்டுப் போட்டே பதிவாகிறது. பூட்டின் சாவி அந்தப் போனின் பிராசஸரோடு பிணைக்கப்பட்டது. முன்பெல்லாம் சிப்பைக் கழற்றி வேறு கருவியில் படித்துவிடுவார்கள். இன்று கழற்றினால் கிடைப்பது வெறும் இரைச்சல். அதே போர்டை, அதே பிராசஸரோடு ஒருமுறையாவது உயிர்ப்பித்து, அதே பின் நம்பரைப் போட்டால்தான் போட்டோ வரும். பிராசஸர் எரிந்துபோனால் கதை முடிந்தது. 'பேக்டரி ரீசெட்' கொடுத்த போனும் அப்படியே. ரீசெட் முதலில் வீசி எறிவது சாவியைத்தான்.

◆

விண்டோஸ் 11இன் 2024 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாப்ட் கணக்கோடு தொடங்கினால், பெரும்பாலான லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும். மதர்போர்டு கெட்டால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது அந்த மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். கணக்கு யாருடையது? லேப்டாப் விற்ற கடையில் வேலை பார்த்த பையன் அவசரத்துக்கு ஏதோ ஒரு மெயில் ஐடி போட்டுத் தொடங்கிக் கொடுத்திருப்பார். அவருக்கே இன்று அது ஞாபகம் இருக்காது. டிஸ்க் நூற்றுக்கு நூறு நன்றாக இருக்கும், தரவும் முழுசாக இருக்கும், ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியாது. மைக்ரோசாப்டிடம் கெஞ்சினாலும் அவர்களிடம் வேறு சாவி இல்லை.

◆

பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் செய்வதும் இதே பூட்டு வேலைதான். சாவி மட்டும் திருடனிடம் இருக்கும். இரண்டு அரசுகள் இதை எதிர்கொண்ட விதத்தை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் பூட்டப்பட்டன. சுமார் 1.3 டிபி தரவு சிக்கியது. பல நாள் நோயாளிகளுக்குக் கையால் சீட்டு எழுதினார்கள். ஆனால் தாக்குதல் தொடாத ஒரு பேக்கப் சர்வர் இருந்தது. இ-ஹாஸ்பிட்டல் தரவு அனைத்தும் அதிலிருந்து திரும்பியது என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது.

அடுத்த ஆண்டு இலங்கை. லங்கா அரசு கிளவுட் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசின் மின்னஞ்சலைப் பயன்படுத்திய சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. கணினியோடு இணைந்தே இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. தனியே கழற்றி வைத்த நகல் அந்தக் காலத்துக்கு இல்லை. 2023 மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் போனது போனதுதான். அங்கே ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு; புதுப்பிப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

பூட்டப்பட்ட டிஸ்க்கைக் கோபத்தில் பார்மட் செய்துவிடாதீர்கள். யூரோபோலும் டச்சுப் போலீசும் 2016இல் சில பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' திட்டம், பிடிபட்ட கும்பல்களின் சாவிகளை இலவசமாகக் கொடுக்கிறது. சில வருஷம் கழித்து உங்கள் பூட்டுக்கும் சாவி வரலாம்.

◆

ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டக்... டக்...' என்று சத்தம் வருகிறதா? உடனே வயரைப் பிடுங்குங்கள். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் டிஸ்க்கின் ஓரம் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதைப் படிக்கும் தலை, தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். கீழே விழுந்து தலை வளைந்த டிஸ்க்கை 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும், தலை தட்டைச் சுரண்டிக்கொண்டே போகும். தரவு இருக்கும் காந்தப் பூச்சு மெல்லிய தூளாகக் கொட்டும். முதல் நாளே தூசியில்லா அறை உள்ள இடத்துக்குப் போயிருந்தால் தலையை மாற்றி எடுத்திருப்பார்கள். நாலு கடை ஏறி இறங்கிய பிறகு போனால், கண்ணாடி போலத் தேய்ந்த வளையத்தைக் காட்டி அனுப்புவார்கள். பிரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

◆

இதற்கு நேர்மாறான ஒரு கதை. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேருடன் கொலம்பியா விண்கலம் வானிலேயே சிதறியது. அதிலிருந்த ஒரு ஹார்டு டிஸ்க் உருகிக் கருகி, ஆறு மாதம் கழித்து வறண்ட ஏரிப் படுகையில் கிடைத்தது. 340 எம்பி கொள்ளளவுள்ள சீகேட் டிஸ்க். தட்டுகளில் குழி விழுந்திருந்தது. ஆனால் டிஸ்க் பாதிதான் நிறைந்திருந்தது. சேதம் எழுதாத பாதியில். அதை ஓட்டிய பழைய டாஸ் இயங்குதளம் தரவை அங்கங்கே சிதறடிக்காமல் ஒரே இடத்தில் எழுதியிருந்தது. கிரால் ஆன்டிராக் நிறுவனம் 99 சதவீதத்தை மீட்டது. அதில் பதிவாகியிருந்த, செனான் வாயுவின் பாகுத்தன்மை பற்றிய சோதனையின் முடிவு 2008இல் 'பிசிக்கல் ரிவ்யூ இ' இதழில் வெளியானது. அதே கலத்தில் கிடைத்த வேறு இரண்டு டிஸ்க்குகளில் ஒன்றும் தேறவில்லை.

◆

2025 ஜூன் 12 அகமதாபாத் விமான விபத்திலும் இப்படித்தான். அந்த போயிங் 787இல் ஒரே வகைப் பதிவுக் கருவி இரண்டு: ஒன்று முன்னே, ஒன்று வாலில். பின்னதிலிருந்து வழக்கமான வழியில் எதையும் எடுக்க முடியவில்லை என்கிறது விசாரணைப் பணியகத்தின் முதற்கட்ட அறிக்கை. முன்னது 49 மணி நேரப் பறத்தல் தரவையும் 2 மணி நேர ஒலியையும் கொடுத்தது. விபத்தையே எதிர்பார்த்துச் செய்த பெட்டியையும் ஒன்றோடு விடவில்லை பாருங்கள்.

◆

ஐப்பசி மழையில் இடி விழுந்து ஹார்டு டிஸ்க்கின் போர்டு எரிந்தால் தரவு போய்விட்டதென்று பயப்பட வேண்டாம். தட்டுகள் உள்ளே பத்திரமாக இருக்கலாம். ஆனால் அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் ஓடிவிடும் என்று எண்ணுவதும் தவறு. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தொழிற்சாலையில் தனித்தனியாக அளந்து எழுதிய குறிப்புகள் போர்டில் இருக்கும் குட்டிச் சிப்பில் உள்ளன. அந்தச் சிப்பைப் பெயர்த்துப் புதுப் போர்டில் ஒட்ட வேண்டும். எரிந்த போர்டைக் குப்பையில் போட்டவர்கள்தான் பாவம்.

◆

பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே கல்யாணப் பென்டிரைவ் வைத்திருக்கிறீர்களா? ஃபிளாஷில் தரவு என்பது சிறைப்பட்ட மின்னூட்டம். அது மெல்லக் கசியும்; வெப்பம் கூடினால் வேகமாகக் கசியும். ஆயுள் முழுக்க எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி ஒன்று மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதே ஜெடெக் அமைப்பின் தரநிலை. புதிது பல ஆண்டு தாங்கும். ஆனாலும் தகரக் கூரைக்கடியில் சித்திரை வெயிலைப் பத்துத் தடவை பார்த்த மலிவுப் பென்டிரைவை நான் நம்பமாட்டேன். மின்னூட்டம் கசிந்த பின் தேடிப் பிடிக்க அங்கே எதுவும் மிச்சமிருக்காது.

◆

சிடியில் தரவு எந்தப் பக்கம் இருக்கிறது? பளபளக்கும் அடிப்பக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, பெயர் எழுதும் மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழே. அடியில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல். மேலே மெல்லிய பூச்சு மட்டும். அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். மேல்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திப் 'பூப்புனித நீராட்டு விழா' என்று எழுதியவர், எழுதிய இடத்திலேயே விழாவை அழித்திருக்கக்கூடும். டிவிடியில் தரவு இரண்டு தட்டுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்த ஆபத்து குறைவு.

◆

மைக்ரோ எஸ்டி கார்டு படிக்காமல் போனால், அனுபவமுள்ள ஆய்வகத்தில் மேற்பூச்சைச் சுரண்டி, முடி போன்ற கம்பிகளை ஒட்டி நேரடியாகப் படிக்கிறார்கள். கார்டு இரண்டாக விரிசல் விட்டிருந்தால் அதுவும் இல்லை. உள்ளே இருக்கும் சிலிக்கானும் சேர்ந்து உடைந்திருக்கும்.

◆

பெரிய இடத்துச் சங்கதிகள் சில. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகர அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த 'ஜி-டிரைவ்' 858 டிபியோடு எரிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் வெளியே நகல் வைக்கவில்லையாம். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில் 77 டிபி போனது. அழித்தது பேக்கப் நிரலின் பிழை. 1969இல் நிலவில் மனிதன் நடந்ததன் மூலத் தரவு நாடாக்களை நாசாவே துடைத்து, வேறு பதிவுக்குப் பயன்படுத்திவிட்டது என்பது 2009இல் உறுதியானது. நாடாப் பற்றாக்குறை!

◆

பழைய தமிழ் ஆவணத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் கோடுகளுமாகக் குழம்பித் தெரிகிறதா? அது கெட்டுப்போகவில்லை. பாமினி, வானவில், திஸ்கி, டேப், டேம் என்று ஆளாளுக்கு ஒரு குறியாக்கத்தில் தட்டச்சு செய்த காலத்துக் கோப்பு. 2010 கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் மாற்றி நிரல் ஒரு நொடியில் தமிழாக்கிக் கொடுத்துவிடும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்களும் இப்படித்தான் யூனிகோடுக்கு வந்தன. இந்த மாதிரிக் கோப்புகளைப் 'பழுது' என்று அழித்த அலுவலகங்கள் எத்தனையோ.

◆

மதுரை, உசிலம்பட்டி, தேனிப் பக்கத்து விசேஷ வீடுகளில் இப்போது மொய் எழுத லேப்டாப்பும் பிரிண்டரும் வந்து உட்கார்ந்துவிட்டன. யார் எவ்வளவு செய்தார் என்பது தொலைந்தால் நாளை திருப்பிச் செய்ய முடியாது, உறவே கெடும். ஆனால் லேப்டாப் டிஸ்க் போனாலும் மொய்க் கணக்கு முழுசாகச் சாவதில்லை. அச்சடித்த புத்தகம் விசேஷ வீட்டில் இருக்கிறது. செய்தவர் ஒவ்வொருவரும் தன் வீட்டு நோட்டில் தனியாக எழுதி வைத்திருக்கிறார். கையில் கிடைக்கும் ரசீதை மட்டும் நம்பாதீர்கள். வெப்பத்தாள் ரசீது, வெயில் பட்டால் சில மாதங்களிலேயே வெளுத்துவிடும். அத்தையின் நோட்டு வெளுக்காது.

◆

போன் போனால் எல்லாம் போகாது. பட்டா, சிட்டா நகலைத் தமிழக அரசின் இணையச் சேவையிலோ இ-சேவை மையத்திலோ மறுபடி எடுக்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறைத் தளத்தில் இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் உள்ளிட்ட பல ஆவணங்கள் 2015இல் தொடங்கிய டிஜிலாக்கரில் கிடைக்கும். கடைக்காரரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து மீட்க வேண்டியவை இவை அல்ல. வாட்ஸ்ஆப் போட்டோவுக்கு முதலில் அனுப்பியவரைக் கேளுங்கள். அவர் போனில் இருக்கும். வாட்ஸ்ஆப் சர்வரில் இருக்காது, சேர்ந்துவிட்ட செய்தியை அது வைத்திருப்பதில்லை. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தை அழித்திருந்தால் 60 நாள் 'டிராஷ்' பகுதியில் கிடக்கும், பேக்கப் ஆகாததென்றால் 30 நாள்.

◆

இறந்துபோன அப்பாவின் ஜிமெயில் கணக்கில் படங்கள் இருக்கின்றன, மெதுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றிருப்பவர்கள் கவனிக்க: இரண்டு ஆண்டு யாரும் உள்ளே நுழையாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்கத் தொடங்கிவிட்டது. கணக்கு அமைப்புகளில் 'இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்று ஒன்று உண்டு. மூன்று மாதத்திலிருந்து பதினெட்டு மாதம்வரை ஒரு காலத்தை நீங்களே வைக்கலாம். அதுவரை கணக்கு சும்மா கிடந்தால், நீங்கள் முன்பே பெயர் கொடுத்தவர்களுக்கு, பத்துப் பேர்வரை, கூகுள் தகவல் அனுப்பித் தரவை எடுத்துக்கொள்ள அனுமதிக்கும். இதை அமைக்கச் சில நிமிடம் ஆகும். கணக்குக்கு உரியவர் உயிரோடு இருக்கும்போது மட்டும்தான் அமைக்க முடியும்.